ஊருக்கு மறைக்காதே, தங்கச்சி

தங்கச்சி, உன் கடிதத்தை நிதானமாக வாசித்தேன். வள்ளியூரில் பிறந்து, பாளையங்கோட்டையில் நர்சிங் படித்து, ஜெர்மன் மொழியில் பி2 நிலைத் தேர்வில் தேறி, ஏப்ரல் மாதம் ஜெர்மனியின் டோர்ட்முண்டில் வந்து இறங்கியிருக்கிறாய். படித்த படிப்புக்கு இங்கே முதியவர்களின் உடம்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், இதை ஊரில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறாய். பதிவு அலுவலகத்தில் மதம் என்ற கட்டத்தை நிரப்பினால் சம்பளத்தில் பிடிப்பார்களாமே என்கிறாய். வெளிநாட்டவரை வெறுக்கும் கட்சி வளர்கிறதே, நாம் வாய் திறக்கலாமா என்கிறாய். தை மாதம் உன் வீட்டுக்காரர் வருகிறார், அவர் இங்கே என்ன செய்வார் என்பது கடைசிக் கேள்வி. உன்னைத் தூங்கவிடாத கேள்வி அதுதான் என்று எழுத்திலேயே தெரிகிறது.

ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் நான் இப்போது விடுமுறையில் களக்காடு பக்கம் அப்பா வீட்டில் இருக்கிறேன். இங்கிருந்து யோசித்தால் இந்த நான்கு கேள்விக்கும் அடியில் ஒரே பயம்தான் இருப்பதாகத் தோன்றுகிறது: ஊர் என்ன நினைக்கும்? அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு அங்கே வாழ முடியாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வேலை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் மருத்துவமனையானாலும், நம் ஊரில் நர்ஸ் என்றால் ஊசி, மருந்து, டிரிப், டாக்டர் பின்னால் ரவுண்ட்ஸ். குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் சொந்தக்காரரின் பாடு. அவர் இல்லாவிட்டால் ஆயா. ஜெர்மனியில் பாய் விரிக்கும் சொந்தக்காரர் கிடையாது. நோயாளியின் உடம்பு முழுவதும் நர்ஸின் பொறுப்பு. அதே சமயம் ரத்தம் எடுப்பதும் நரம்பில் ஊசிக்குழாய் ஏற்றுவதும் பல மருத்துவமனைகளில் டாக்டர் செய்கிற வேலை. நாம் பெருமையாக நினைத்தது கையை விட்டுப் போகிறது, கேவலமாக நினைத்தது கைக்கு வருகிறது. உன் அழுகை எனக்குப் புரிகிறது.

ஆனால் நாளைக் காலை ஷிப்டில் ஒரு பாட்டியைத் துடைக்கும்போது அவருடைய குதிகாலைப் பார். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடு. வெளுத்துவிட்டுப் பிறகு சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அன்றே கவனித்தால் அது ஆறும். விட்டுவிட்டால் எலும்பு வரை போகும். துணியை நனைத்துப் பிழிந்து பாட்டியின் கையில் கொடுத்து, முகத்தை அவரையே துடைக்கச் சொல். கை எவ்வளவு உயர்கிறது, மூச்சு வாங்குகிறதா, இடது பக்கத்தை மறந்துவிடுகிறாரா என்பதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். டாக்டர் வருவதற்கு முன்பே நோயாளியைப் பற்றி அதிகம் தெரிந்தவள் நீதான். துடைக்கிற வேலைக்குள் இத்தனை படிப்பு இருக்கிறது. அதை ஆயா வேலை என்று நம்மைச் சொல்ல வைப்பது, யார் எதைத் தொடலாம் என்று நம் ஊர் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கிற கணக்கு. அந்தக் கணக்கு நம்மைப் போலச் சர்ச்சுக்குப் போகிற கிறிஸ்தவர்கள் வீட்டிலும் இருக்கிறது என்பதை நீயும் அறிவாய். அதை விமானத்தில் கூடவே எடுத்து வர வேண்டாம்.

போன வாரம் எங்கள் சர்ச்சில், நாம் கோயில் என்கிறோமே அங்கே, பிரதிஷ்டைப் பண்டிகை. அசனம் என்ற பொது விருந்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பெரியம்மா ஒருத்தி, “ஏட்டி, அங்கே நீ பெரிய நர்ஸ்தானே? கீழே எத்தனை பேர்?” என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். “யாரும் இல்லை பெரியம்மா. எண்பது தொண்ணூறு வயதுக்காரர்களைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, நடக்க வைக்கிறேன்” என்றேன். அம்மாவின் முகம் ஒரு கணம் மாறியது. பெரியம்மா இலையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, “எங்கள் மாமியாருக்குக் கடைசியில் அப்படி ஒருத்தி கிடைக்கவில்லையே” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பந்தியில் என் சம்பளத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எந்த முதியவருக்கு எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்டார்கள்.

உன் நர்சிங் படிப்பை ஜெர்மனி அங்கீகரித்து முடிக்கும் வரை உதவியாளர் சம்பளம்தான் வரும். அது உன் குறையல்ல. அனுசரிப்புப் பயிற்சியோ அறிவுத் தேர்வோ முடிந்து உரிமம் கைக்கு வந்ததும் மாறிவிடும். ஒன்றில் மட்டும் கவனமாக இரு. ஆள் சேர்க்கும் நிறுவனங்கள் சில, பாதியில் விலகினால் இவ்வளவு ஆயிரம் யூரோ திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பத்தியைச் செருகிவிடுகின்றன. அப்படி ஏதாவது கையெழுத்துப் போட்டிருந்தால் அதை எடுத்துக்கொண்டு வெர்டி தொழிற்சங்கத்துக்குப் போ. பயந்துகொண்டு அறைக்குள் உட்காராதே.

மதக் கட்டத்துக்கு வருகிறேன். ‘எவாங்கேலிஷ்’, அதாவது புராட்டஸ்டண்ட், என்று எழுதினால் திருச்சபை வரி பிடிப்பார்கள், உண்மைதான். நீ இருக்கும் நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியாவில் அது வருமான வரியில் 9 சதவீதம். சம்பளத்தில் 9 சதவீதம் என்று பலர் பயமுறுத்துவார்கள், அது தவறு. மாதம் 300 யூரோ வருமான வரி போனால் அதன்மேல் 27 யூரோ. வேண்டாம் என்றால் உள்ளூர் நீதிமன்றத்தில் 30 யூரோ கட்டி விலகலாம். கிறிஸ்தவ நிறுவனம் நடத்தும் மருத்துவமனையில் வேலை என்றால் மட்டும், விலகுவதற்கு முன் ஒப்பந்தத்தை ஒருமுறை வாசித்துக்கொள்.

நான் கட்டுகிறேன். காரணம் சொல்கிறேன். ரேனியஸ் ஐயர் இன்றைய ஜெர்மனிக்கு முன்னோடியான பிரஷ்யாவிலிருந்து வந்த மிஷனரி. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து, 1826இல் ஊசிக்கோபுரம் என்று நாம் சொல்லும் அந்தக் கோயிலைக் கட்டி, 1838இல் அங்கேயே மண்ணுக்குள் போனார். எங்கள் பக்கத்து டோனாவூரில் கோயில் எழும்பப் பணம் அனுப்பியவர் டோனா என்ற பிரஷ்யப் பிரபு. அவர் நம் ஊரைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. என் பாட்டி எழுத்துக் கற்றது அந்த வழியில் வந்த பள்ளிக்கூடத்தில். இன்றைக்கு நான் கட்டுகிற வரியில் ஒரு பங்கு ஜெர்மனியில் ஏதோ ஒரு குழந்தைகள் காப்பகத்துக்குப் போனால் எனக்குத் திருப்திதான். வீட்டில் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துப் போடுவார்களே, அதைப் போலத்தான் இதையும் நினைத்துக்கொள்கிறேன். உன் நிலை வேறாக இருக்கலாம். கடன் இருந்தால் விலகிக்கொள், தேவன் ஒன்றும் கணக்குப்பிள்ளை அல்ல. ஆனால் கிறிஸ்தவளாக இருந்துகொண்டு ‘மதம் இல்லை’ என்று பொய் எழுதாதே. முதல் வாரத்திலேயே நம்மைப் பற்றி நாமே ஒரு பொய்யைப் பதிவு செய்துகொள்ள வேண்டாம்.

அங்கே கோயில்கள் ஞாயிற்றுக்கிழமையும் காலியாகத்தான் இருக்கும். முன்வரிசையில் நரைத்த தலைகள், பின்னால் வெறும் பெஞ்சு. எனக்கும் முதலில் நெஞ்சு அடைத்தது. பிறகு ஒரு நாள் ஆர்கனில் ஒரு ராகம் எழுந்தது. நம் பாட்டுப் புத்தகமான பாமாலையில் சிறு வயதிலிருந்து பாடிய அதே ராகம். அவர்கள் ஜெர்மனில் பாடினார்கள், நான் தமிழில் பாடினேன். பக்கத்திலிருந்த முதியவர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். தமிழ் ஆராதனையும் தேடினால் கிடைக்கும். ஆகஸ்டில் கேவலார் மாதா திருத்தலத்துக்கு ஈழத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அது கத்தோலிக்கத் தலம், நாம் புராட்டஸ்டண்ட் சபையான சி.எஸ்.ஐ. தான், இருந்தாலும் ஒருமுறை போய்ப் பார். ஹாமில் 2002இல் எழுந்த காமாட்சி அம்மன் கோயில் தேருக்கும் என் தோழிகளோடு போயிருக்கிறேன். போர் துரத்தி வந்தவர்கள் இந்த ஈழத் தமிழர்கள். உனக்குக் கறிவேப்பிலையும் புளியும் கிடைப்பது அவர்கள் கடை போட்டதால்தான்.

அரசியல். 2025 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலில், நீ சொன்ன அந்த ஏ.எஃப்.டி. கட்சி 20.8 சதவீத ஓட்டு வாங்கி இரண்டாம் இடத்துக்கு வந்தது. ஐந்தில் ஒருவர். வார்டில் ஐந்து கட்டில் இருந்தால் மனசு தானாக எண்ணும், எனக்குத் தெரியும். ஒரு பாட்டி என் கையைத் தட்டிவிட்டு, ஜெர்மன்காரியை வரச் சொல் என்றார். எங்கள் பிரிவின் பொறுப்பு நர்ஸ் வந்து, “இங்கே நர்ஸ் இவர்தான். இவர் துடைப்பார், அல்லது நீங்களே துடைத்துக்கொள்ளலாம்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். பாட்டி என்னையே துடைக்கவிட்டார். எல்லா இடத்திலும் இப்படி ஒரு பொறுப்பு நர்ஸ் இருக்க மாட்டார். அதனால் அப்படி நடந்தால் அன்றே எழுதிக் கொடு. வாய்மொழியாகச் சொன்னால் மறந்துபோவார்கள்.

வாய் திறக்கலாமா என்றால், திற. 2024 ஜனவரியில் அந்தக் கட்சியை எதிர்த்து நாடு முழுக்க லட்சக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள்; நானும் வீட்டுக்காரரும் அந்தக் குளிரில் போய் நின்றோம். எங்களைச் சுற்றி நின்றவர்களில் பெரும்பாலோர் ஜெர்மன்காரர்கள். மருத்துவமனையில் ஊழியர்களின் பிரதிநிதிக் குழுவுக்குத் தேர்தல் நடக்கும். அதில் ஓட்டுப் போட ஜெர்மன் குடியுரிமை தேவையில்லை. ஷிப்ட் அட்டவணையும் லீவும் அந்தக் குழு பேசுகிற விஷயங்கள். அங்கிருந்து தொடங்கு.

ஆனால் இதையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவள் அல்ல. நம் ஊர் பரோட்டாக் கடையில் பாத்திரம் கழுவும் பீகார்ப் பையனைப் பற்றி, கட்டடத்தில் கல் சுமக்கும் ஒடிசாக்காரரைப் பற்றி, நம்மவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறாய் அல்லவா? வேலையைப் பறிக்கிறான், பாஷை தெரியாது, கூட்டமாக வருகிறான். ஒரு வார்த்தை மாறாமல் அதைத்தான் அங்கே நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்படி யாராவது எழுதினால் நான் சும்மா இருப்பதில்லை. ‘நானும் ஒரு ஊரில் அந்தப் பையன்தான், மாமா’ என்று எழுதுவேன். சிலர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பரவாயில்லை.

குடியுரிமைக்கு அவசரப்படாதே. 2024 ஜூனிலிருந்து ஐந்து ஆண்டு வாழ்ந்தால் விண்ணப்பிக்கலாம், ஜெர்மனி பழைய குடியுரிமையை விடச் சொல்வதுமில்லை. ஆனால் இந்தியா இரண்டையும் வைத்துக்கொள்ள விடாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வாங்கலாம், அதை வைத்து விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, வாரிசாக வருவது வரும். எங்கள் வாழைத்தோட்டத்தை அடுத்த வயல் விலைக்கு வந்தபோது அப்பா அதை என் பேரில் வாங்க ஆசைப்பட்டார். அப்பாவோடு வரப்பில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்த பிறகுதான் நான் விண்ணப்பித்தேன். அந்த வயல் தம்பி பேரில் இருக்கிறது. எனக்கு ஓட்டு இருக்கிறது.

இனி உன் வீட்டுக்காரர். என் வீட்டுக்காரர் ஊரில் கணக்கு வாத்தியார். தெருவில் நடந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி ‘சார்’ என்று நிற்பார்கள். ஜெர்மனியில் அவரைக் கூப்பிட ஆளில்லை. நான் ஷிப்டுக்குப் போனால் நாலு மணிக்கே இருட்டுகிற ஜன்னலும் அவரும்தான். அவருடைய அம்மா போனில், “பெண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்தா சாப்பிடுகிறாய்?” என்று கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். “ஆமாம் அம்மா. அவள் சம்பாதிக்கிறாள், நான் சமைக்கிறேன்” என்றார். இத்தனை வருட வாழ்க்கையில் அவரை நான் அதிகம் மதித்த நாள் அது. ஆனால் அந்த வார்த்தை அவருக்குள் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருப்பார். பார்சல் கிடங்கில் சில காலம் பெட்டி தூக்கினார். பிறகு நகரப் போக்குவரத்து நிறுவனம் தன் செலவிலேயே பயிற்சி கொடுத்து அவரை பஸ் ஓட்டுநராக எடுத்துக்கொண்டது. பழைய மாணவர்கள் கேட்டால் பஸ் ஓட்டுகிறேன் என்றே சொல்கிறார். ‘ஐ.டி. வேலை’ என்று ஊரில் கதை விட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தப் பொய்யைக் காப்பாற்றவே வாழ்நாள் போகிறது. விடுமுறைக்கு ஊருக்கு வரவும் பயப்படுகிறார்கள்.

உன் வழியாக அவருக்கு விசா கிடைத்ததும் வேலை செய்யத் தடை இல்லை. சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஜெர்மன் படித்துவிட்டு வரட்டும். மொழி தெரியாத ஆண் வீட்டுக்குள் சுருங்கிவிடுவான். அதன் வேதனை உன்மேல் கோபமாகத்தான் வரும்.

பணத்தை முதல் மாதமே பேசிவிடுங்கள். உன் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே தொகை, ஒரே நாளில். எங்கள் வீட்டில் பெரும்பாலான சண்டை அன்றோடு நின்றது. அவருக்கு வேலை கிடைத்ததும், சம்பளத்தில் மாதாமாதம் எவ்வளவு வரி பிடிப்பது என்பதற்கான வரி வகுப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். உனக்கு மூன்று, அவருக்கு ஐந்து என்று வைத்தால் மாதாமாதம் கையில் கொஞ்சம் கூடுதலாக வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஐந்தாம் வகுப்பில் அவர் சம்பளச் சீட்டில் பிடித்தம் போக மிஞ்சுவது பார்க்கவே பாவமாக இருக்கும். இருவரும் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்தால் மொத்த வரி ஒன்றேதான். அவர் உழைப்பு அவர் சீட்டில் தெரியட்டும். குழந்தை பிறந்தால் கிடைக்கும் பெற்றோர் உதவித்தொகையும் கைக்கு வரும் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படும், அதையும் மனதில் வை.

கடைசியாக, இப்போதே செய்ய வேண்டியவை. உங்கள் கல்யாணம் கோயில் பதிவேட்டில் இருந்தால் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் அரசிடமும் பதிய வேண்டும். பதியாவிட்டால் அவர் இந்த வாரமே சார்பதிவாளர் அலுவலகம் போகட்டும். பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல். ஒன்றில் இனிஷியல், ஒன்றில் அப்பா பெயர் என்று இருந்தால் ஜெர்மன் அலுவலகத்தில் ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்ல வேண்டி வரும். இந்திய லைசென்ஸ் அங்கே ஆறு மாதம்தான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. நான் மாதக் கடைசியில் திரும்புகிறேன். ஒப்பந்தத்தின் நகலை அனுப்பு, அந்தப் பத்தியைச் சேர்ந்து பார்ப்போம்.