ஆங்கிலத்தில் 'ரீட் பிட்வீன் த லைன்ஸ்' என்பதை எழுத்தில் எப்படிச் சரியாகப் பயன்படுத்துவது?

இந்தத் தொடரால் ஒருமுறை அசிங்கப்பட்டவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவ்வரிசி மண்டியில் எனக்கு வேலை. வெளிமாநில மெயில்களுக்கு நான்தான் பதில் போட வேண்டும். இந்தூர் வியாபாரி ஒருவருக்கு நைலான் ஜவ்வரிசி சாம்பிள் அனுப்பியிருந்தோம். ஆங்கிலத்தில் மூன்றே வரி பதில்: சாம்பிள் கிடைத்தது, மணி நன்றாக இருக்கிறது, நவராத்திரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. சந்தோஷமாக முதலாளியிடம் காட்டினேன். "விலையைக் குறைன்னு சொல்றாருப்பா" என்றார்.

வடக்கே நவராத்திரி விரதத்தில் பலர் அரிசி, கோதுமையைத் தொடமாட்டார்கள், ஜவ்வரிசிக் கிச்சடிதான். சரக்கு பறப்பது அப்போதுதான். 'இன்னும் நாள் இருக்கிறது' என்றால் எனக்கு அவசரமில்லை, இறங்கி வா என்று அர்த்தம். எழுதியதை வைத்து, எழுதாமல் விட்டதைப் பிடிப்பது. இந்தத் தொடரின் பொருள் இவ்வளவுதான்.

நான் சும்மா இருக்காமல் அவருக்கே எழுதிவிட்டேன்: "ரீடிங் இன் பிட்வீன் த லைன்ஸ், யுவர் மெயில் வான்ட்ஸ் எ லோயர் ரேட்." பதில் வந்தது: நான் எழுதியதே மூன்று வரி, நடுவில் எதைப் பார்த்தீர்கள்?

அந்த 'இன்' தேவையே இல்லை. 'த' விடக்கூடாது, 'லைன்ஸ்' பன்மையிலேயே இருக்க வேண்டும். அப்புறம், 'ரீடிங்' என்று தொடங்கினால் கமாவுக்குப் பிறகு வாசிக்கிற ஆள் வர வேண்டும். என் வாக்கியத்தில் மெயிலே மெயிலை வாசித்துக்கொண்டிருந்தது! "ரீடிங் பிட்வீன் த லைன்ஸ், ஐ திங்க் ஹி வான்ட்ஸ் எ லோயர் ரேட்" என்றால் சரி.

ஆனால் இலக்கணத்தைவிடப் பெரிய தப்பு, எழுதியவரிடமே அதைச் சொன்னது. 'நீ மறைக்கிறாய், நான் கண்டுபிடித்துவிட்டேன்' என்பது போல ஆகிவிடும். முதலாளிக்கு எழுதும் குறிப்பில் தாராளமாக வரலாம். வியாபாரியிடம் ரேட்டைப் பற்றி நேராகக் கேட்டிருக்கலாம். அதேபோல, அவரே 'ரேட் அதிகம்' என்று எழுதியிருந்தால் இந்தத் தொடருக்கு அங்கே வேலையில்லை.

தமிழில் சிலர் 'வரிகளுக்கிடையே வாசிப்பது' என்கிறார்கள். எனக்கு ஒட்டவில்லை. குறிப்பறிதல் என்ற சொல் இருக்கிறதே. திருக்குறளில் அந்தப் பெயரில் இரண்டு அதிகாரங்கள்: 71ஆவது அரசன் முகத்தைப் படிக்க, 110ஆவது காதலி கண்ணைப் படிக்க. மண்டிக்கு முதலாவது போதும்.

இல்லாத அர்த்தத்தை நாமாக ஏற்றிப் படிப்பதற்கு வேறு தொடர், 'ரீட் டூ மச் இன்டு இட்'. அதற்கும் உதாரணம் நானேதான். அடுத்த லோடு போய்ச் சேர்ந்ததும் இந்தூர்காரர் "ரிசீவ்ட், தேங்க்ஸ்" என்று மட்டும் எழுதினார். கோபமோ என்று அரை நாள் குழம்பினேன். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "தேங்க்ஸ்னா தேங்க்ஸ்தான்பா, பில்லைப் போடு" என்றார்.