கோழிக்குப் போடும் சால்மோனெல்லா தடுப்பூசி வேலை செய்கிறதா என்பதை எப்படிச் சோதிக்கிறார்கள்?

தடுப்பூசி போட்ட கோழிகளுக்கும் போடாத கோழிகளுக்கும் ஒரே அளவு சால்மோனெல்லா கிருமியை வாய்வழியே கொடுத்து, எந்தக் கூட்டத்தில் கிருமி எவ்வளவு தங்குகிறது என்று ஒப்பிடுவதுதான் இந்தச் சோதனை. ஓடு மாற்றிய கூரைமேல் தண்ணீர் ஊற்றிவிட்டு, உள்ளே நின்று ஒழுகுகிறதா என்று பார்ப்பது போல.

கோழியைப் பார்த்தே சொல்லிவிட முடியாதா? முடியாது. சால்மோனெல்லா என்டெரிடிடிஸ் என்ற வகைக் கிருமி தொற்றிய முட்டைக்கோழி பெரும்பாலும் நன்றாகவே தீனி தின்னும், முட்டையிடும். அந்த முட்டைக்குள்ளேயே கிருமி போய், அதைச் சாப்பிடுகிறவருக்கும் தொற்றிவிடக்கூடும் என்பதுதான் கவலை. இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளை அளந்தாலும் போதாது. செல்களுக்குள் ஒளிந்து வாழும் கிருமி இது. எதிர்ப்புப் பொருளால் அங்கே எட்ட முடியாது.

ஆகவே சில நாட்கள் கழித்து எச்சம், கல்லீரல், மண்ணீரல், சூலகம் ஆகியவற்றில் மாதிரி எடுத்து, அதில் கிருமி இருந்தால் தெரியும்படி வளர்க்கிறார்கள். எக்ஸ்எல்டி என்ற, கிருமி வளர்க்கும் ஊடகத் தட்டில் சால்மோனெல்லா பொதுவாகக் கறுப்பு மையம் கொண்ட சிவப்புப் புள்ளிகளாக முளைக்கும். குருட்டுக்குடல் மாதிரியை ஒருபோதும் விடக்கூடாது. கிருமி நெடுநாள் குடியிருக்கும் இடம் அதுதான்.

பிரிட்டனில் முட்டைகளுக்குப் பாதுகாப்பு முத்திரை தரும் சிங்க முத்திரை முட்டைத் திட்டம், அதில் சேர்ந்த பண்ணைகளுக்கு 1998-இல் இந்தத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. மனிதர்களிடையே இந்தத் தொற்று அங்கு வெகுவாகக் குறைந்தது.

தடுப்பூசி போட்ட கோழியிடம் கிருமியே இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அது தொற்றையும் எச்சத்தில் கிருமி வெளியேறுவதையும் குறைக்கிறதே தவிர, முற்றிலும் ஒழிப்பதில்லை.