குழந்தைகளின் குடல், கல்லீரல் நோய்களுக்குத் தனி ஃபெலோஷிப் எதற்கு?

குழந்தை மருத்துவம் முடித்தவர், குழந்தைகளின் உணவுப்பாதை, கல்லீரல், ஊட்டச்சத்து மூன்றிலும் எடுக்கும் மேற்பயிற்சி இது. அமெரிக்காவில் 3 ஆண்டு ரெசிடென்சிக்கு (குழந்தை மருத்துவத்துக்கான மருத்துவமனைப் பயிற்சி) அப்புறம் இன்னும் 3 ஆண்டு.

பெரியவர்களுக்கான வயிற்று மருத்துவர் போதாதா என்றால், போதாது. நோய்களே வேறு. சில குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் குழாயான பித்தநாளம் அடைபட்டிருக்கும். மஞ்சள் காமாலை இரண்டு வாரம் தாண்டியும் இறங்காது, மலம் வெளிறிப் போகும். பிறந்த 60 நாளுக்குள் 'கசாய்' அறுவை சிகிச்சை (குடலைக் கல்லீரலோடு இணைத்துப் பித்தம் வடிய வழி செய்வது) செய்தால் பலன் அதிகம். 'பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் சகஜம்தானே' என்று விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. அப்புறம் வளர்ச்சி: முற்றிய மரம் தண்ணீரில்லாமல் கொஞ்ச நாள் தாங்கும், நாற்று தாங்காது. அதனால்தான் ஊட்டச்சத்தும் இதே பயிற்சியில் சேர்கிறது.

இவர்களே அறுவை சிகிச்சையும் செய்வார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எண்டோஸ்கோபி (கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது) செய்வார்கள், அறுவை சிகிச்சை குழந்தை அறுவை மருத்துவர் வேலை.