குன்னூரில் குடியிருப்போர் சங்கத்தில் சேர்வதால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா?

கேட்டவர் கோவையிலிருந்து குன்னூருக்குக் குடிவந்து சில மாதம்தான் ஆகிறதாம். சங்கத்தில் சேரச் சொல்லிப் பக்கத்து வீட்டார் சொல்கிறார்களாம். சந்தா கட்டியதற்கு என்ன கிடைக்கும், காலை வணக்கப் படங்களைத் தவிர, என்று கேட்கிறார்.

சேருங்கள். ஆனால் பணம் கொடுக்கும் முன் செயலாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "ஐப்பசி மழைக்கு முன்னால நம்ம தெருக் கால்வாயை யார் சார் தூர் வாருறது?" பதில் சட்டென்று வந்தால் நல்ல சங்கம். "மனு கொடுத்திருக்கோம், பார்க்கலாம்" என்று இழுத்தால் அது பொங்கலுக்குக் கோலப்போட்டி நடத்தக் கூடுகிற கூட்டம். கோலப்போட்டியும் வேண்டியதுதான், அதற்குச் சந்தா எவ்வளவு என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஏன் கால்வாயையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், கீழே சமவெளியில் கால்வாய் அடைத்தால் தெருவில் தண்ணீர் தேங்கும், கொசு வரும். இங்கே தேங்காது. சரிவில் வேறு வழி தேடிக்கொண்டு, யாரோ ஒருவருடைய தடுப்புச்சுவருக்குப் பின்னால் மண்ணில் இறங்கும். ஊறிய மண்ணின் பாரம் சுவரைத் தள்ளும். அவலாஞ்சிப் பக்கம் ஆடி மழையில் பயப்படுவார்கள். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்குப் பயம் வடகிழக்குப் பருவமழைதான். 2009 நவம்பரில் பெய்த மழையில் மாவட்டத்தில் பல இடங்கள் சரிந்து 40 பேருக்கும் மேல் இறந்துபோனார்கள். அந்த நவம்பரைப் பார்த்தவர்கள் இன்னும் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

எங்கள் சங்கத்தில் புரட்டாசி ஞாயிறுகளில் இந்த வேலை நடக்கும். அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சார்தான் மேற்பார்வை. மண்வெட்டி பிடிப்பது பெரும்பாலும் ஆட்டோ ஓட்டும் அண்ணன்களும் மகளிர் குழு அக்காக்களும். தெருவைக் கடக்கும் சிறுபாலத்துக்கு அடியில் இருந்து என்னதான் வராது? சில்வர் ஓக் கிளை கழித்துப் போட்டது, சிமெண்ட் சாக்கு, ஒற்றை ஷூ, பால் பாக்கெட், பால் பாக்கெட், இன்னும் பால் பாக்கெட். 2019 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்கப் பிளாஸ்டிக் தடை வந்தது. நீலகிரிக்கு அது புதிதே இல்லை, 2000களின் தொடக்கத்திலேயே இங்கே தடை உண்டு. ஆனாலும் பால் பாக்கெட்டுக்கு விதிவிலக்கு.

முன்பெல்லாம் அந்தச் சேற்றில் கையை விடவே பயமாக இருக்கும், அவ்வளவு பாட்டில் சில்லு. 2022-ல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. யானைகளின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் வரை போன விஷயம். இப்போது சில்லு வெகுவாகக் குறைந்துவிட்டது. நாங்கள் வீடு வீடாகக் கொடுத்த நோட்டீஸ் செய்யாததை அந்தப் பத்து ரூபாய் செய்தது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தூர் வாரிய பிறகுதான் எனக்குப் பிடித்த வேலை. தடுப்புச்சுவரில் ஆங்காங்கே சின்னக் குழாய் வாய் தெரியும், பார்த்திருப்பீர்கள். சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் வெளியேற வைத்தது. அதில் வேரும் பாசியும் புகுந்து அடைத்துக்கொள்ளும், சில வீட்டில் அழகுக்காகச் சிமெண்ட் பூசியே மூடிவிடுவார்கள். நீளக் கம்பியை உள்ளே விட்டு ஆட்டினால் முதலில் ஒன்றும் வராது. பிறகு களக்கென்று ஒரு சத்தம். டீ டிகாஷன் நிறத்தில் தண்ணீர் முகத்திலேயே அடிக்கும். அதுவரை அந்தச் சுவர் இதையெல்லாம் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது! இதைப் பார்த்த வீட்டுக்காரர் அடுத்த வருஷம் கூப்பிடாமலே கம்பியோடு வருவார்.

ஒருநாள் துப்புரவு முகாம், ஒரே நிறத் தொப்பி, பேனர், போட்டோ என்றால் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. விடாமல் ஒன்றையே செய்கிறவர்கள் வேறு ரகம். கோத்தகிரியில் லாங்வுட் சோலையை ஊர்க்காரர்களே ஒரு கண்காணிப்புக் குழு வைத்துப் பல வருஷமாகக் காத்து வந்தார்கள். 116 ஹெக்டேர் காடு, கீழே இருக்கும் ஊர்களுக்குக் குடிதண்ணீர் அதிலிருந்துதான். 2024 ஜனவரியில் அதற்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. நம் ஊரிலேயே கிளீன் குன்னூர் அமைப்பினர் 2019-ல் ஆற்றைச் சுத்தம் செய்ததோடு நிற்காமல், ஓட்டுப்பட்டறையில் குப்பை பிரிக்கும் வேலையில் இருக்கிறார்கள். ஒருநாள் போய்ப் பாருங்கள், வீட்டில் இரண்டு வாளி வைக்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

வாட்ஸாப் குழுவைக் கேலி செய்திருக்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் சாயங்காலம் டியூஷன் விடும் நேரத்தில், "தண்ணித் தொட்டி முக்குல காட்டெருமை நிக்குது, பிள்ளைகளை மேல் ரோடு வழியா கூட்டிட்டு வாங்க" என்று ஒரு செய்தி வரும். அதற்காக எத்தனை ரோஜாப் படத்தையும் பொறுத்துக்கொள்ளலாம்.

காகித விஷயம் சுருக்கமாக: ஏழு பேர் இருந்தால் 1975-ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்யலாம். பதிவு எண்ணோடு கொடுக்கும் மனுவுக்குக் கொஞ்சம் கனம் கூடுதல். நகராட்சிகளில் 2022-லிருந்து, வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறை சொல்லும் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது, அதில் போய் வாயைத் திறக்க வேண்டும். பெரிய செலவு என்றால் அரசின் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது, அரசுப் பணத்தோடு மக்களும் பங்கு போட வேண்டும். அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும். சீசனுக்கு மட்டும் வந்து போகிற வீட்டுக்காரர்கள் பணத்தை உடனே அனுப்பிவிடுவார்கள், ஆள் வர மாட்டார்கள். தினக்கூலிக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையையே கொடுத்துவிட்டு, "எங்ககிட்ட ஏன் பணமும் கேக்குறீங்க?" என்பார்கள். என் ஓட்டு அவர்களுக்குத்தான்.

உங்கள் வீடு மேல்வரிசையா கீழ்வரிசையா என்று சொல்லவில்லை. மேல்வரிசை என்றால் உங்கள் கூரைத் தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்று இந்த வாரமே பாருங்கள். கீழ்வரிசை என்றால் பின்சுவரில் குழாய் வாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வீடு பிடித்துக் கொடுத்த புரோக்கர் இரண்டையும் சொல்லியிருக்க மாட்டார்.