இரண்டு லைனுக்கு இரண்டு ரவுட்டர் வேண்டுமா?

கேள்வி: உப்புவெளியில் எட்டு அறை விடுதி நடத்துகிறேன். விருந்தினருக்கு ஃபைபர் லைன், அலுவலக பில் கணினிக்கு 4ஜி லைன் என்று எடுத்தேன். மகன் பழைய டெஸ்க்டொப்பில் லினக்ஸ் போட்டு ரவுட்டராக்கப் பார்த்தான். இரண்டு லைனின் பெட்டிகளும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியோடு வருவதால் குழம்புகிறது என்கிறான். கடையில் இன்னும் இரண்டு ரவுட்டர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– விடுதி உரிமையாளர், திருகோணமலை

பதில்: வாங்க வேண்டாம். மகன் சொல்வது சரி, ஆனால் பெட்டி குறைந்ததால் வந்த குழப்பம் இல்லை அது. இரண்டு பக்கமும் ஒரே முகவரி இருந்தால் எந்தப் பக்கம் அனுப்புவது என்று லினக்ஸுக்குப் பிரித்தறிய முடியாது. ஒரு பெட்டியின் முகவரியை 192.168.2.1 என்று மாற்ற முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் காசு செலவில்லை.

பெட்டி அதற்கு இடம் தராவிட்டால் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் இருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான ஒரே கேர்னலுக்குள், சொந்த இன்டர்ஃபேஸ் (நெட்வொர்க் இணைப்பு முனை), சொந்த வழி அட்டவணை, சொந்த ஃபயர்வோல் என்று தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளும் வசதி. 'விருந்தினர்', 'அலுவலகம்' என இரண்டு நேம்ஸ்பேஸ் உருவாக்கி, ஃபைபர் போர்ட்டை ஒன்றிலும் 4ஜி போர்ட்டை மற்றதிலும் போட்டால் இரண்டு 192.168.1.1-உம் ஒன்றையொன்று காணாது. உள்பக்கத்துக்கு ஒரே கேபிள் போதும். விலான் என்பது ஒரே கேபிளில் தனித்தனியாக ஓடும் மெய்நிகர் நெட்வொர்க். கேபிளின் மேல் விலான் 10, விலான் 20 என்று இரண்டு மெய்நிகர் இன்டர்ஃபேஸ் எழுப்பி, ஆளுக்கொன்றாக உள்ளே அனுப்பலாம். அந்தக் கேபிள் செருகிய தாய் போர்ட் நேம்ஸ்பேஸ்களுக்கு வெளியிலேயே இருக்கும்.

மகன் தடுக்கி விழக்கூடிய இடங்களையும் சொல்லிவிடுகிறேன். நேம்ஸ்பேஸுக்குள் நகர்த்திய இன்டர்ஃபேஸ் தன் முகவரியை இழந்து அணைந்துவிடும். ஆகவே முதலில் நகர்த்தி, பிறகுதான் முகவரி கொடுக்க வேண்டும். உள்ளே லூப்பேக்கும் (கணினி தன்னோடு தானே பேசும் இன்டர்ஃபேஸ்) அணைந்தே இருக்கும், அதையும் எழுப்ப வேண்டும். பொட்டலம் கடத்தும் அமைப்பும் நாட் விதியும் (உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றுவது) ஒவ்வொரு நேம்ஸ்பேஸிலும் தனியாகச் சரிபார்க்கப்பட வேண்டும். கணினியை அணைத்துப் போட்டால் எல்லாம் மறைந்துவிடும். கரண்ட் போய் வரும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. கணினி எழும்பும்போதே தானாக ஓடும் ஸ்கிரிப்ட்டாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். 4ஜி படுத்தால் அலுவலகம் ஃபைபருக்குத் தாவ வேண்டுமானால், இரண்டு நேம்ஸ்பேஸையும் ஒரு வெத் ஜோடியால் இணைக்கலாம். வெத் என்பது இரண்டு முனையுள்ள மெய்நிகர் கேபிள். இணைத்தபின் விருந்தினர் பக்கத்திலிருந்து எதுவும் உள்ளே வராதபடி ஃபயர்வோலில் அடைத்துவிடுங்கள்.

சரி, எதற்குக் காசு கொடுப்பது? மூன்று போர்ட் வேண்டும். பழைய டெஸ்க்டொப்பில் ஒன்றுதான் இருக்கும் என்பதால், உள்ளே செருகும் இரட்டை போர்ட் கார்ட் ஒன்று வாங்குங்கள். இன்டெல் சிப் என்றால் லினக்ஸில் தொல்லை குறைவு. மலிவென்று யூஎஸ்பி அடாப்டர் வாங்காதீர்கள். அது ஒருமுறை விட்டுப் பிடித்தால் போட்டு வைத்த நேம்ஸ்பேஸுக்குத் திரும்பாது, வெளியே வந்து நிற்கும். நடுச்சாமத்தில் விருந்தினர் வந்து கதவைத் தட்டுவார். வைஃபை பெட்டி ஒன்றில் விருந்தினர், அலுவலகம் என்ற இரண்டு வைஃபை பெயரையும் இரண்டு விலானாகப் பிரிக்க முடியுமா என்று கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வாய்வார்த்தை போதாது.

டெஸ்க்டொப் 60 வோட் இழுத்தால் மாதம் 43 யூனிட். இன்டெல் என்100 போன்ற சிப் உள்ள, நான்கு போர்ட் சின்னக் கணினி 10 வோட்டில் ஓடினால் 7 யூனிட்தான். வருடம் முழுவதும் திறந்திருக்கும் விடுதி என்றால் சின்னக் கணினியைத்தான் சொல்வேன். மே முதல் செப்டெம்பர் வரை, சீசனுக்கு மட்டும் ஓடுவதானால் பழையதும் கார்டும் போதும். எதை எடுத்தாலும் மொடல் எண்ணும் உத்தரவாதக் காலமும் எழுதிய பில் வாங்குங்கள். கடற்கரை உப்புக்காற்றில் போர்ட்டுகள் துருப்பிடிக்கும், கணினியை ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

லைன்களோடு வந்த பெட்டிகளின் வைஃபை கடவுச்சொற்களை எழுதிக் கவுண்டரில் வைத்திருங்கள். கணினி நின்றுபோனால், மகன் வரும்வரை அவற்றில் நேரே இணையலாம்.