ஒட்டிய செடி ஏன் அழுகுகிறது?

கேள்வி: மீன்தொட்டியில் மரக்கட்டைமேல் அனுபியாஸ் செடியை சூப்பர் க்ளூ வைத்து ஒட்டினேன். இரண்டே வாரத்தில் தண்டு கூழாகி, இலைகள் கழன்று மிதக்கின்றன. பசையின் விஷமா?

பதில்: விஷம் இல்லை. சூப்பர் க்ளூ என்பது சயனோஅக்ரிலேட் பசை; அது ஈரம் பட்டதும் இறுகும்; இறுகியபின் மீனுக்கோ செடிக்கோ கெடுதல் செய்யாது. பெரும்பாலும் பசை பூசிய இடம்தான் தவறாக இருக்கும். அனுபியாஸில் இலைகள் கிளம்பும் தடித்த கிடைத்தண்டு, அதாவது ரைசோம், தண்ணீர் படும்படி வெளியே இருக்க வேண்டும். அதைப் பசையால் மூடினாலும், மணலில் புதைத்தாலும், நூலால் இறுக்கி நசுக்கினாலும் அழுகும். வாங்கி வரும்போதே அழுகல் தொற்றியிருக்கவும் வாய்ப்புண்டு. தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கி நாறினால், கெட்டியான பச்சைப்பகுதி தெரியும்வரை கூரான பிளேடால் வெட்டி எறியுங்கள். மூன்று நான்கு இலையோடு ஒரு துண்டு மிஞ்சினாலே பிழைத்துவிடும்.

மறுபடி ஒட்டும்போது, வேரிலுள்ள பஞ்சுபோன்ற ராக்வூலை முழுவதும் அலசி எடுத்துவிட்டு, வேர்களை 2 செ.மீ. அளவுக்கு நறுக்குங்கள். கட்டையில் ஒட்டும் இடத்தைத் துணியால் ஒற்றி, ஜெல் வகைப் பசையை மிளகளவில் இரண்டு மூன்று சொட்டு வையுங்கள். வேரை மட்டும் அதில் பதித்து அரை நிமிடம் அழுத்திப் பிடித்தபின் தண்ணீரில் இறக்கலாம். நீர்த்த பசை வேண்டாம். கட்டையின் துளைகளுக்குள் ஓடிவிடும். பசை வெள்ளையாகத் தெரிந்தால் பயமில்லை, அழகு மட்டும்தான் குறையும். இன்னொன்று: இந்தப் பசை பருத்தியில் பட்டால் சட்டென்று சூடேறி விரலைச் சுட்டுவிடும். எனவே பஞ்சாலோ பருத்திக் கையுறையோடோ பசையைத் தொடாதீர்கள்.

கேள்வி: கட்டுவதற்குப் பருத்தி நூலா, தூண்டில் நரம்பா?

பதில்: ஜாவா ஃபெர்ன் என்ற நீர்ப்பெரணி, அனுபியாஸ் இரண்டுக்கும் நரம்பு. வேர் பிடிக்க ஒன்றிரண்டு மாதமாகும். அதற்குள் நூல் இற்றுப்போகலாம். பிடித்தபின் நரம்பை வெட்டி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கல்லில் கட்டிய ஜாவா மாஸ் என்ற பாசிச்செடி அடியில் பழுப்பாகி, மொத்தமாகப் பெயர்ந்து வருகிறது.

பதில்: பந்தாக வைத்துக் கட்டியிருப்பீர்கள். அடிப்பகுதிக்கு வெளிச்சமும் நீரோட்டமும் போகாததால் அது செத்து, மேலே உள்ளதையும் விட்டுவிடுகிறது. மாஸை 1 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, கல் இடையிடையே தெரிகிற அளவுக்கு மெல்லிசாகப் பரப்பிச் சுற்றுங்கள். சொரசொரப்பான எரிமலைக்கல் நன்றாகப் பிடிக்கும். வழவழப்பான கூழாங்கல் வீண்வேலை. புதுக்கல் என்றால் வினிகர் சில சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும்.

கேள்வி: புதுக்கட்டை மிதக்கிறது, வெள்ளையாக ஏதோ படர்கிறது.

பதில்: படலம் பூஞ்சையும் பாக்டீரியாவும். சில வாரத்தில் தானே அடங்கும். பிரஷால் தேய்த்தும் எடுக்கலாம். மூழ்கும்வரை வாளியில் ஊறவையுங்கள், செடி ஒட்டுவது அதற்குப் பிறகு. அவசரமென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகால் பலகைக்கல்லில் முடுக்கி, கல்லை மணலில் புதைக்கலாம்.

கேள்வி: ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் கரும்புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன. நோயா?

பதில்: வரிசையாக, மேடாக இருந்தால் வித்துப்பைகள். வெட்ட வேண்டாம். இலைநுனியில் குட்டிச்செடி முளைத்து வேர் விட்டதும் அதைக் கிள்ளி வேறு கட்டையில் ஒட்டலாம்.