சேஸைக் குறைத்தால் ஏர் பைப்பை என்ன செய்வது?

கேள்வி: அண்ணாச்சி, ராணுவத்தில் கழித்துவிட்ட ஸ்டாலியன் லாரி ஒன்றைக் கைமாற்றி வாங்கியிருக்கிறேன். கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தடி ஏற்றத்தான். தோட்டத்து வளைவுகளில் ஒரே வெட்டில் திரும்ப மாட்டேன் என்கிறது, அதனால் சேஸை நடுவில் இரண்டரை அடி குறைக்கப் போகிறோம். மிச்சமாகிற பிரேக் ஏர் பைப்பைச் சுருட்டிக் கட்டிவிடலாம், இல்லையென்றால் நடுவில் வெட்டி ஜாயின்ட் போட்டுவிடலாம் என்கிறார் வெல்டிங் பட்டறைக்காரர். எது சரி? (வாசகர், குலசேகரம்)

பதில்: இரண்டுமே வேண்டாம் தம்பி. சுருட்டிக் கட்டினால் அந்த வளையத்தின் அடிப்பக்கம் தண்ணீர் தேங்கும். வருடத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கிற நம்ம ஊரில் கம்ப்ரசர் உறிஞ்சுகிற காற்றிலேயே ஈரம் அதிகம். போதாததற்கு அந்தச் சுருள் ஆடி ஆடிச் சேஸில் உரசித் தேயும். நடுவில் ஜாயின்ட் போட்டாலோ, காற்று கசிய இன்னும் இரண்டு வாய் திறந்துவிட்ட மாதிரி. பைப்பை ஒரு யூனியனிலிருந்து (பைப்பைப் பூட்டுகிற மரை இணைப்பு) அடுத்த யூனியன் வரை முழுசாகக் கழற்றி, ஒரு முனையில் மட்டும் அளவாகக் குறைத்துத் திரும்பப் பூட்டுங்கள். பழைய பைப் வெளிறி விறைத்திருந்தால் அதே உள்விட்டத்தில் புது நைலான் டியூப் போட்டுவிடுங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

சேஸை நடுவில் வெட்டுவதில் ஒரு வசதியும் இருக்கிறது. முன்னாலிருந்து பின்னால் போகிற பைப்புகள் மட்டும்தான் குறையும்: டேங்கிலிருந்து ரிலே வால்வுக்கு (பெடலின் சிக்னல் வந்ததும் பின் பிரேக்குக்குக் காற்றைத் திறந்துவிடுகிற வால்வு) வரும் தடித்த பைப், பெடல் வால்வின் சிக்னலைக் கொண்டுவரும் மெல்லிய பைப், ஹேண்ட் பிரேக் லைன், டிரெய்லர் லைன் இருந்தால் அதுவும். ரிலே வால்வு பின் ஆக்ஸிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அதிலிருந்து இடது வலது சேம்பர்களுக்கு (காற்றை வாங்கிப் பிரேக்கைத் தள்ளுகிற டப்பாக்கள்) போகிற பைப்புகளைத் தொடவே தொடாதீர்கள், ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று ஆனால் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் பிடிக்காது. இடம் போதவில்லை என்று ஏர் டேங்கைச் சின்னதாக மாற்றுகிற யோசனை வந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

வேலை தொடங்கும் முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எல்லா டேங்கையும் வடித்துவிடுங்கள். காற்று போனதும் பின்பக்க ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். வண்டியை நகர்த்தவேண்டி வந்தால் அதற்குரிய போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கை இழுத்து நிறுத்தலாம், ஆனால் அந்தச் சேம்பரை மட்டும் யாரும் பிரிக்கக்கூடாது. உள்ளே அழுங்கிக் கிடக்கிற ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே கொன்றுவிடும்.

நைலான் டியூபை ஹாக்ஸா பிளேடால் அறுக்காதீர்கள். முனை சாய்ந்து, பிசிறு பிசிறாக நிற்கும். அந்தப் பிசிறு உள்ளே போய் ரிலே வால்வில் உட்கார்ந்துகொள்ளும். டியூப் கட்டரால் நேராக வெட்டி, உள்ளே பித்தளைக் குழல் செருகி, புது பெர்ரூல் (டியூபைக் கவ்விப் பிடிக்கிற வளையம்) போட்டு இறுக்குங்கள். பூட்டும் முன் ஒவ்வொரு பைப்பையும் காற்றடித்து ஊதி எடுக்க வேண்டும். அப்புறம் சைலன்சருக்கும் புரொப்பல்லர் ஷாஃப்டுக்கும் எட்டாத தூரத்தில், ஒரு முழத்துக்கு ஒரு கிளாம்ப். ஆக்ஸிலுக்கு இறங்குகிற ரப்பர் ஹோஸில் மட்டும் தொய்வு இருக்கட்டும், சக்கரம் முழுசாகப் பள்ளத்தில் இறங்கினாலும் அது இழுபடக்கூடாது.

வெல்டிங் சமயத்தில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, நைலான் பைப் எல்லாவற்றையும் விலக்கி வைக்கச் சொல்லுங்கள். எங்கள் பட்டறைக்கு ஒரு லாரி வந்தது. நிற்கும்போது கேஜ் முள் அசையவே இல்லை, ஓட்டினால் பிரேக் குறைகிறது. அடியில் படுத்துக்கொண்டு, பையனைப் பெடலை மிதிக்கச் சொன்ன பிறகுதான் உஸ்ஸென்று சத்தம் வந்தது. கடுகளவு கருத்த பொட்டு, வெல்டிங் பொறி விழுந்த இடம். சிக்னல் பைப்பில் பெடலை மிதிக்கும்போதுதான் காற்று வரும், காலை எடுத்துவிட்டுத் தேடினால் ஆயுசுக்கும் அகப்படாது. அதனால் சோப்புத் தண்ணீர் தடவுவதையும் மிதித்தபடி ஒரு முறை, விட்டபடி ஒரு முறை செய்யுங்கள். டிரெய்லர் இல்லாத லாரிக்கு அமெரிக்க ஓட்டுநர் தேர்வில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை விட்ட நிலையில் நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்தத்தின் அளவு) மேலும், மிதித்த நிலையில் 3 பிஎஸ்ஐக்கு மேலும் இறங்கக்கூடாது. நல்ல கணக்கு, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு நடுவிலுள்ள தூரம்) குறைந்தால் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்பைவிட அதிகமாக முன்னால் சாயும், பின்சக்கரம் லேசாகிப் பூட்டிக்கொண்டு வழுக்கும். சுமைக்கு ஏற்றபடி காற்றைக் குறைக்கிற வால்வு உங்கள் வண்டியில் இருந்தால் அதைப் புதிதாக செட் பண்ணாமல் மலையில் இறக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவுப்படி வீல்பேஸை நம் இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. சேஸில் கட்டர் வைக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என்னுடையதும் பழைய ஆர்மி லாரிதான். பின்னால் டிரெய்லருக்கான இரண்டு ஏர் இணைப்பு இருக்கிறது. டிரெய்லர் இழுப்பதில்லை, எடுத்துவிடலாமா? (வாசகர், ஆரல்வாய்மொழி)

பதில்: எடுக்கலாம், ஆனால் வாலில் அல்ல, பைப் வால்விலிருந்து புறப்படுகிற இடத்தில் கழற்றி, மரை போட்ட பிளக்கால் அடைக்க வேண்டும். பைப்பை மடக்கிக் கம்பி சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த இரண்டில் ஒன்றில் எந்நேரமும் முழு அழுத்தம் நிற்கும், மடிப்பு வெடித்தால் அவ்வளவுதான். முன் பம்பரில் காற்று ஏற்றுகிற இணைப்பு இருந்தால் அதை மட்டும் விட்டுவையுங்கள். வழியில் இன்ஜின் நின்றுபோனால், இன்னொரு லாரியிலிருந்து காற்றுக் கொடுத்துப் பிரேக்கை விடுவித்து இழுத்துவர அது வேண்டும்.